சாய்ப்பும் வண்டியின் உறுப்புதான்

மந்தைவெளியில் ஆட்டோவுக்கு டாப் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். சீட்டுக் குஷன், ரெக்சின், மழைக்குப் பக்கப் படுதா எல்லாம் ஒரே தையல் மிஷினில்தான். இப்போதெல்லாம் ஆட்டோக்காரர்களுக்குச் சமமாக டிபன் வண்டிக்காரர்களும் கடைக்கு வருகிறார்கள். குட்டி யானை என்று நாம் செல்லமாகச் சொல்லும் டாடா ஏஸ், 2005இல் சாமான் ஏற்ற வந்த வண்டி. இன்று அதன் முதுகில் தகரப் பெட்டி கட்டி, பக்கக் கதவைத் தூக்கினால் உள்ளே தோசைக்கல், இட்லிக் குண்டான், சாம்பார் அண்டா. சினிமாக்காரர்களுக்கு இருப்பது ஒரு வகைக் கேரவன் என்றால் இது நம் தெருவின் கேரவன்.

வண்டிக்கு இரண்டு மூன்று லட்சம் செலவழித்தவர்கள், கடைசியில் என்னிடம் வந்து சொல்வது ஒரே வாசகம்: “அண்ணா, மழைக்கு மட்டும்தான். சும்மா ஒரு ஷீட்டு கட்டிக் குடுங்க.”

அந்தச் ‘சும்மா ஒரு ஷீட்டு’, அதாவது வண்டியிலிருந்து வெளியே நீளும் சாய்ப்பு பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சும்மா கட்டும் ஷீட்டு எப்படி இருக்கும் என்று ஆர்.கே. மட் சாலையிலோ, பறக்கும் ரயில் நிலையத்தை ஒட்டிய கால்வாய்க்கரைத் தெருவிலோ சாயங்காலம் நடந்து போனால் தெரியும். பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி நீலத் தார்ப்பாய். ஒரு பக்கம் வண்டிக் கூரையில் செங்கல் வைத்து நிறுத்தியிருக்கும். மறு பக்கம் வேப்ப மரத்திலோ, மின்கம்பத்திலோ, மெட்ரோ வேலைக்காக வைத்த தடுப்பிலோ கட்டியிருக்கும். தார்ப்பாய் வாங்கக் காசு இல்லாதவர்களுக்குப் பழைய ஃபிளக்ஸ் பேனர். தலைக்கு மேலே யாரோ ஒரு தலைவர் தலைகீழாகச் சிரிக்க, பிறந்தநாள் வாழ்த்துக்குக் கீழே நின்று நாம் பொடி தோசை சாப்பிடுகிறோம்.

ஃபிளக்ஸ் வெயிலில் காய்ந்து மொறமொறத்துவிடும். ஓட்டை போட்டுக் கயிறு கோத்தால் அந்த ஓட்டையிலிருந்தே கிழியும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவில் வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அதற்கப்புறம் பேனர் பற்றி ஊரே பேசியது. அதே பேனர் கிழிந்து, அதே சாலையோரத்தில், நாலு கயிற்றில் தொங்குவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்தவரைச் சொல்வதற்கு முன் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன் ஓர் அம்மாவின் வண்டிக்கு எட்டடிக்கு ஆறடி சாய்ப்பு தைத்துக் கொடுத்தேன். கனமான துணி, நல்ல தையல், பித்தளை ஐலெட். முன்பக்கம் தலை இடிக்கக் கூடாது என்று அவர் கேட்டதால், முன் விளிம்பையும் பின் விளிம்பையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வைத்துவிட்டேன். ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. நடுவில் குழி விழுந்து தண்ணீர் தேங்கி, முன்கால் பைப் மடங்கி, மொத்தமும் பாத்திரம் கழுவும் மேடை மேல் இறங்கியது. கடையை எடுத்துவைக்கும் நேரம் என்பதால் ஆளுக்கு அடி இல்லை. அடுப்பில் எண்ணெய் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

கணக்கு எளிது. எட்டுக்கு ஆறு என்றால் நாற்பத்தெட்டுச் சதுர அடி. அதில் ஒரே ஓர் அங்குலம் தண்ணீர் நின்றால் எடை 110 கிலோவுக்கு மேல். இரண்டு ஆள் ஏறிப் படுத்த மாதிரி. துணி தாங்கும், பைப் தாங்காது.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் விதிகள் சில. வண்டிக் கூரை எட்டடி உயரம் என்றால் முன் விளிம்பு ஆறேமுக்கால் அடிக்கு வர வேண்டும். ஆறடி நீட்டத்துக்கு ஒன்றேகால் அடி இறக்கம் கிடைக்கும், நடப்பவர் தலையும் இடிக்காது. முன் கால் இரண்டில் ஒன்றை இன்னொன்றைவிட மூன்று அங்குலம் தாழ்த்தி வைக்க வேண்டும். தண்ணீர் சாப்பிடுகிறவர் கழுத்தில் வழியாமல் ஒரு மூலைக்கு ஓடி, சாக்கடைப் பக்கம் விழும்.

துணி இழுத்து நிற்க வேண்டும். ஆட்டோ டாப் தைக்கிறவனுக்கு இது பாலபாடம்: தளர்ந்த துணிதான் கிழியும். காற்றில் படபடவென்று அடித்து அடித்தே தையல் விட்டுப்போகும். விளிம்பை மடித்து உள்ளே கயிறு வைத்துத் தைத்து, அடிக்கு ஓர் ஐலெட் போட வேண்டும். நாலு மூலைக்கும் இரட்டைத் துணி. மூலைக் கயிற்றுக்கு நடுவே ஒரு சாண் பழைய சைக்கிள் டியூப் கட்டினால், காற்று ஓங்கி இழுக்கும்போது டியூப் நீண்டு கொடுக்கும், ஐலெட் பிழைக்கும்.

காற்றையும் கேட்க வேண்டும். பட்டினப்பாக்கம் கடற்கரை இங்கிருந்து நடக்கிற தூரம்தான். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். மழைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து. இரண்டுக்கும் பொது கிழக்கு. அதனால் மந்தைவெளியில் பக்கப் படுதா ஒன்றுதான் போட வசதி என்றால் அதைக் கிழக்கில் போடச் சொல்வேன். அடுப்பு இருக்கும் பக்கத்தில் துணியே தொங்கக் கூடாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் துணி மேல் அதன் விசை நான்கு மடங்காகும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் அடித்தபோது மரங்களே நிற்கவில்லை, சாய்ப்பு எங்கே நிற்கும்? அப்படிப்பட்ட நாளுக்கு ஒரே வழி, கழற்றி மடித்து உள்ளே வைப்பது. இரண்டு நிமிடத்தில் மடிக்க முடியாத சாய்ப்பை நான் இப்போது தைப்பதில்லை.

ஐரோப்பாவில் விடுமுறைக்குக் காரின் பின்னால் கேரவனை இழுத்துப் போகிறவர்கள் சாய்ப்பு வாங்கும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. கேரவனின் பக்கவாட்டில் ஓர் அலுமினியத் தடம் ஓடும். தரையிலிருந்து தொடங்கி, அந்தத் தடம் போகும் வழியிலேயே மேலேறி, கூரையைச் சுற்றி, மறுபக்கம் தரை வரைக்கும் டேப் பிடிப்பார்கள். அந்த ஓர் அளவை வைத்துத்தான் சாய்ப்பு. கயிறு வைத்துத் தைத்த விளிம்பு தடத்துக்குள் வழுக்கிப் போய் உட்கார்ந்துகொள்ளும். கூரைக்கும் துணிக்கும் நடுவே ஒரு சொட்டு இறங்காது. அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. நம் வண்டிக்காரர்களுக்கு வயிற்றுப்பாடு. பொழுதுபோக்குக்கே அளவெடுத்துச் செய்கிறவர்கள் இருக்கும்போது, பிழைப்புக்குச் செங்கல் வைத்துச் சமாளிக்கிறோம்.

இதில் வண்டிக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நல்ல சாய்ப்பு போட ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்டால், “நாளைக்கே பிடுங்கிட்டா?” என்கிறார்கள். நான் அந்த அம்மாவுக்கு இரண்டாவது தடவை, பைசா வாங்காமல், சரியாகத் தைத்துக் கொடுத்த சாய்ப்பையும் ஒருநாள் ஆக்கிரமிப்பு என்று அவிழ்த்துக்கொண்டு போனார்கள். என்னென்ன எடுத்தோம் என்று ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. அப்புறம் அவர் பேனருக்குத்தான் போனார். பிடுங்கினால் நஷ்டமில்லாத பொருளைத்தானே மனுஷர் கட்டுவார்?

தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014இலேயே வந்துவிட்டது. பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும், கெடாத பொருளை உரியவர் கேட்டுக் கட்டணம் கட்டினால் இரண்டு வேலை நாளில் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. இன்னொரு பக்கம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டி ஓடும்போது ஒரு சட்டம், நின்று வியாபாரம் செய்யும்போது இன்னொரு சட்டம். நடுவில் இருக்கும் ஆறடிச் சாய்ப்புக்கு எத்தனை அடி நீளலாம், எவ்வளவு உயரம், எதில் கட்டலாம் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

நடந்து போகிறவர்கள் என்னிடம் கோபப்படலாம். நடைபாதையே இல்லை, இதில் சாய்ப்பு வேறா என்று. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. புனித மேரி சாலையில் ஒரு கயிறு தடுக்கி நானே முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவன்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். தடுக்கியது எது? மரத்துக்கு இழுத்துக் கட்டிய கயிறு. வண்டியிலேயே கீல் வைத்து, வண்டியிலிருந்தே முட்டுக்கொடுத்து நிற்கும் சாய்ப்புக்குத் தரையில் கயிறே வேண்டாம். ஊருக்கு இடைஞ்சலாக இருப்பது முக்கால்வாசி, அளவில்லாமல் கட்டியதால் வந்த இடைஞ்சல். சென்னையின் வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது. அந்த மூன்று மாதமும் சாய்ப்பு இல்லாமல் டிபன் வண்டி நடத்த முடியாது. இல்லாமல் செய்ய முடியாத ஒன்றுக்கு ஒழுங்கு வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்றும் அதே 2014 சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவுக்கு என் வேண்டுகோள் இது. விற்பனைச் சான்றிதழில் வண்டியின் நீள அகலத்தோடு சாய்ப்பின் அளவையும் எழுதுங்கள். ஆறடிக்கு மேல் நீளக் கூடாது, ஆறரை அடிக்குக் கீழே தாழக் கூடாது, மரத்திலும் மின்கம்பத்திலும் கட்டக் கூடாது, ஃபிளக்ஸ் கூடாது, ராத்திரி மடித்துவிட வேண்டும். இந்த ஐந்தையும் அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். அதை மீறினால் கழற்றுங்கள். மீறாத சாய்ப்பில் கை வைக்காதீர்கள்.

வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. புரட்டாசிக்குள் வாருங்கள், மழை பிடித்தபின் தையலுக்கு நேரம் இருக்காது. யாரிடம் தைத்தாலும் சரி, அளவை எழுதிச் சீட்டு அனுப்பாதீர்கள். வண்டியைக் கொண்டு வாருங்கள்.