ப்ரூச்சின் முதுகு

பழைய இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் மக்கள் உடையில் குத்திய ப்ரூச் என்றதும் அருங்காட்சியகப் பெட்டிக்குள் மின்னும் அதன் முகம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. நாம் பேச விரும்புவது அதன் முதுகைப் பற்றி.

முகத்தழகுக்குக் கிங்ஸ்டன் ப்ரூச்சை மிஞ்ச ஆளில்லை. அது 1771இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பாதிரியார் பிரையன் ஃபாசெட் தோண்டிய ஒரு பெண்ணின் புதைகுழியில் கிடைத்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. பொன் தகட்டால் தடுத்த சின்னஞ்சிறு அறைகளில் சிவந்த கார்னெட் கற்களும் நீலக் கண்ணாடியும் வெண்சிப்பியும் பதித்திருக்கிறார்கள். அக்கால ஐரோப்பிய நகைகளில் உள்ள கார்னெட் கற்களில் ஒரு பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இத்தனை இருந்தும் ஃபாசெட்டின் சேகரிப்பை 1850களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்க மறுத்துவிட்டது. கிரேக்கமும் ரோமும் மட்டுமே தொன்மை என்றிருந்த காலம். லிவர்பூல் பொற்கொல்லர் ஜோசப் மேயர் வாங்கியிராவிட்டால் அத்தனையும் சிதறிப்போயிருக்கும்.

ஆனால் பொன்னும் கார்னெட்டும் சிலருக்கே வாய்த்தன. ஐந்து, ஆறாம் நூற்றாண்டுப் பெண்கள் பெரும்பாலோர் அணிந்தவை வார்ப்பு வெண்கலத்தால் ஆனவை. தோளுக்கு ஒன்றாக இரண்டு. நடுவே அம்பர், கண்ணாடி மணிகள் கோத்த சரம். நம் பெண்கள் சேலைத் தலைப்பில் குத்தும் ஊக்கின் வேலைதான் அதற்கும்: உடையைத் தோளில் நிறுத்துவது. அந்த வேலை முழுக்க நடந்தது முதுகில்தான்.

அங்கே இருந்த ஊசி பல ப்ரூச்சுகளில் இரும்பு. ஈர மண்ணில் இரும்பு துருப்பிடிக்கும்போது அதை ஒட்டிக் கிடந்த துணியின் இழைகளுக்குள் துரு ஊறுகிறது. கம்பளியோ லினனோ மட்கிப் போனாலும் இழையின் வடிவம் துருவிலேயே உறைந்து நிற்கிறது. நுண்ணோக்கியில் வைத்தால் நூல் எந்தப் பக்கம் முறுக்கப்பட்டது, நெசவு சாதாரணமா சாய்வரியா, ஓரத்தில் தனியாகப் பட்டி நெய்து சேர்த்தார்களா என்பதுவரை தெரிகிறது. மண்ணில் துணி தங்காத அந்த நாட்டில், நூற்று நெய்த கைகளைப் பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி இந்த நகக்கண் அளவுத் துருப்பொருக்குகளிலிருந்து வந்தது. முறிந்த ஊசியை மாற்றிய தடயமும், நாள்பட்ட உடுத்தலில் தேய்ந்த விளிம்பும் சில ப்ரூச்சுகளில் தெரியும். பொன்னைவிட இவை நமக்குப் பெரிதாகப் படுகின்றன.

சட்டம் அப்படி எண்ணவில்லை. இங்கிலாந்தில் 1996இல் இயற்றிய புதையல் சட்டம் முதன்மையாகப் பொன்னையும் வெள்ளியையும் பார்த்தது. தனியாகக் கிடைக்கும் ஆங்கிலோ-சாக்சன் வெண்கலப் ப்ரூச் அதற்குப் புதையல் அல்ல. கண்டெடுத்தவர் அதைத் தெரிவிக்கும் கட்டாயமும் இல்லை. 2023இல் வந்த திருத்தம் தனிச்சிறப்பு வாய்ந்த பொருள்களுக்கு மட்டுமே கதவு திறந்தது. சாதாரணப் பெண்ணின் சாதாரணப் ப்ரூச் இன்னும் வெளியேதான் நிற்கிறது. 1997 முதல் கண்டெடுப்போர் தாமாக வந்து பதிவுசெய்ய ஒரு திட்டம் இயங்குகிறது. அதன் பயன் பெரிது. ஆனால் பதிவுக்கு வருமுன்பே பளபளப்புக்காகத் துருவைச் சுரண்டிவிட்டால் பதியப்படுவது வெறும் உலோகம்.

கண்டெடுப்பவர்கள் ப்ரூச்சைத் தேய்க்காமல், மண்ணோடு அப்படியே கொண்டுவர வேண்டும். நூல்களிலும் பொருள் பட்டியல்களிலும் இரு பக்கப் படமும் இடம்பெற வேண்டும். முதுகும் தெரியும்படி அருங்காட்சியகங்கள் பெட்டிக்குள் பொருளின் அடியில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைப் பொருத்தட்டும். அதற்கு ஆகும் செலவு அதிகமில்லை.