மேற்கோள் கணக்கை நம்பிப் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கலாமா?

பெர்மாஸ் ஜெயா – எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடிவுகள் வந்துவிட்டால் இந்த வட்டாரத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளையை மருத்துவமோ பல் மருத்துவமோ படிக்க எங்கே அனுப்புவது? பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை பார்ப்பவரும், விடியுமுன்னே சிங்கப்பூருக்குக் கிளம்புபவரும் இபிஎஃப் சேமிப்பில் கை வைத்து எடுக்கும் முடிவு இது.

உள்நாட்டில் இடம் கிடைக்காதவர்கள் தமிழ்நாட்டுப் பக்கம் பார்க்கிறார்கள். கல்லூரி விளம்பரங்களில் இரண்டு செய்திகள் பெரிய எழுத்தில் இருக்கும். ஒன்று தரவரிசை. மற்றொன்று, பேராசிரியர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை. இரண்டாவதை வைத்து முதலாவதை உயர்த்த முடியும் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது.

ஓர் ஆய்வாளரின் கட்டுரையை மற்றோர் ஆய்வாளர் தம் கட்டுரையில் ஆதாரமாகக் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். அதிக மேற்கோள் கிடைத்தால் அவர் பணி மற்றவர்களுக்குப் பயன்பட்டது என்று பொருள். 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் இதை ஒரே எண்ணாகச் சுருக்கினார். அதன் பெயர் எச் குறியீடு. குறைந்தது 20 மேற்கோள் பெற்ற 20 கட்டுரைகள் ஒருவரிடம் இருந்தால் அவருடைய எச் குறியீடு 20.

கணக்கு எளிது. அதனாலேயே ஏமாற்றுவதும் எளிது. கல்யாண வீட்டில் மொய் எழுதுவதைப் போல, நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன் என்று ஆகிவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பேது?

2023 ஜூனில் அமெரிக்காவின் 'சயின்ஸ்' இதழ், 'ரிட்ராக்ஷன் வாட்ச்' குழுவுடன் சேர்ந்து சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரி பற்றி ஒரு செய்தி வெளியிட்டது. அங்கே இளநிலை மாணவர்கள் நான்கு மணி நேரத் தேர்வில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள். அவற்றில் பல இதழ்களில் வெளியாகின்றன. அக்கல்லூரியின் பழைய கட்டுரைகளே அவற்றில் ஏராளமாக மேற்கோள் காட்டப்படுகின்றன என்று அச்செய்தி கூறியது. திட்டமிட்டு மேற்கோள்களைக் கூட்டியதாகச் சொல்லப்படுவதைக் கல்லூரி ஏற்கவில்லை. சவீதா 2022, 2023 ஆண்டுகளில் இந்திய அரசின் தரவரிசையில் பல் மருத்துவப் பிரிவில் முதலிடம் பெற்றிருந்ததால் இந்தச் செய்தி பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

அதற்காக அங்கே படித்தவர்கள் திறமையற்றவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு பிள்ளை பல்லைப் பிடுங்கவும் வேர் சிகிச்சை செய்யவும் எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொள்ளும் என்பதை மேற்கோள் கணக்கு காட்டாது. சொல்ல வருவது இவ்வளவுதான்.

உண்மையான ஆய்வின் பலன் எப்படி இருக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1998-இல் பேராக்கில் பன்றிப் பண்ணைகளை ஒட்டி மூளைக்காய்ச்சல் பரவியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசுவை ஒழித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். மரணம் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நச்சுயிரியல் பயிற்சியில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங், இது வேறு கிருமி என்று கண்டார். மாதிரிகளை அமெரிக்காவுக்கே எடுத்துச் சென்று உறுதி செய்தார். அதுதான் நிப்பா. கொசுவை விட்டுவிட்டுப் பன்றிகள் மீது கவனம் திரும்பியது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவை அழிக்கப்பட்டன, நோய் அடங்கியது. அதற்குள் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்திருந்தனர். 2000-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த அவர் குழுவின் கட்டுரையை உலக ஆய்வாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். உயிர்கள் காப்பாற்றப்பட்டது முதலில், மேற்கோள் வந்தது பிறகு.

"உலகின் முதல் 2 விழுக்காடு விஞ்ஞானிகள்" பட்டியலில் நம்மவர் பெயர் வரும்போது மகிழ்கிறோம். மகிழலாம். ஸ்டான்ஃபர்ட் பேராசிரியர் இயோனிடிஸ் குழு வெளியிடும் அந்தப் பட்டியலிலேயே, தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியது எவ்வளவு என்பதற்கும் தனிக் கணக்கு உண்டு. இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் செய்திகளில் அந்தக் கணக்கு வருவதில்லை.

ஆகவே முகவரிடம் பணம் கட்டுமுன் பெற்றோர் கேட்க வேண்டியவை சில உண்டு. அந்தப் பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் அல்லது மலேசியப் பல் மருத்துவ மன்றம் ஏற்கிறதா? இதை முகவர் வாய்மொழியாக நம்பாமல் மன்றத்திடமே நேரில் கேளுங்கள். இறுதியாண்டு மாணவர் தம் கையால் எத்தனை நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கிறார்? அங்கே படித்துத் திரும்பிய நம் பிள்ளைகள் இங்கே பணியில் சேர்ந்துவிட்டார்களா? அவர்களில் ஒருவரிடமாவது பேசிப் பாருங்கள்.

எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்பதை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். நாளை நம் பிள்ளையின் நாற்காலியில் வந்து உட்காரும் நோயாளி, எச் குறியீடு எவ்வளவு என்று கேட்கப் போவதில்லை. வலி போகுமா என்றுதான் கேட்பார்.