நான்காம் பகுதி யாருக்காக?

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு எது என்று நம் கல்லூரியில் எவரைக் கேட்டாலும் தயங்காமல் விடை சொல்லிவிடுவர். நான்காம் பகுதித் தாள்தான் அது. அந்த நேரத்தில் வகுப்பறையில் இருப்போரைக் காட்டிலும் பேருந்து நிறுத்தத்தில் நிற்போர் அதிகம் என்பது நாம் அனைவரும் அறிந்த இரகசியம். இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் நானும் அந்த நிறுத்தத்தில் நின்றவனே.

முதலாண்டு மாணவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நமது பட்டப்படிப்பு ஐந்து பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது முதன்மைப் பாடமும் துணைப் பாடமும். நான்காவதில் பிற துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடம், சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி போன்றவை அடங்கும். ஐந்தாவது நாட்டு நலப்பணி முதலிய விரிவாக்கப் பணிகள். "முதல் வகுப்பில் தேறினேன்" என்று நாம் ஊரில் போய்ச் சொல்வதெல்லாம் மூன்றாம் பகுதியை எண்ணித்தான். நான்காம் பகுதியில் எத்தனை மதிப்பெண் என்று எந்த மாமாவும் கேட்பதில்லை.

சென்ற பருவத்தில் என் வகுப்பு நண்பன் ஒருவன் இதைப் பற்றி என்னோடு கடுமையாக வாதிட்டான். "கணக்குப் படிக்க வந்தவனுக்கு வரலாறு எதற்கடா? இராமானுஜனைக் கெடுத்தது இந்த மாதிரித் தாள்கள்தானே!" என்றான். அவன் எளிதில் தள்ளிவிடக்கூடிய சான்றைச் சொல்லவில்லை. நம் காவிரிக் கரையிலேயே நடந்த கதை அது. 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார் இராமானுஜன். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று, கல்லூரியும் போயிற்று. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பார்த்தார். அங்கே உடலியல் போன்ற பாடங்கள் குறுக்கே நின்றன. எஃப்.ஏ. கடைசி வரை தேறவில்லை. அவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினராக்கிக்கொண்டது. இங்கே எஃப்.ஏ.கூட இல்லாதவர்!

இந்தக் கதைக்கு முன்னால் பொதுக் கல்வியைப் பற்றி உயர்வாகப் பேச வருகிற எவனும் சற்றுத் தலைகுனிந்துதான் ஆகவேண்டும். நானும் குனிகிறேன். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இராமானுஜனின் வழியை மறித்தது ஆங்கிலமும் உடலியலுமா, அல்லது ஒரு பாடத்தில் தவறியவன் எல்லாவற்றிலும் தவறியவன் என்று கொண்ட அந்தக் காலத்துத் தேர்வு விதியா? விதிதான் என்பது என் எண்ணம். இன்று நாம் அரியரை வைத்துக்கொண்டே அடுத்த ஆண்டுக்குப் போகிறோம். பிறகு எழுதித் தேறுகிறோம். அந்த வசதி அன்றைக்கு இருந்திருந்தால் இராமானுஜன் இரண்டு மூன்று அரியரோடு கணக்கைத் தொடர்ந்திருப்பார். ஆகவே கட்டாயப் பாடம் வேண்டாம் என்பதற்கு அவரைச் சாட்சிக்கு அழைப்பது முழுதும் பொருந்தாது. தேர்வை எப்படி வைக்கக்கூடாது என்பதற்கு அவரை அழைக்கலாம்.

அதே கும்பகோணத்தில், அதே கல்லூரியில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியை என் நண்பன் மறந்துவிட்டான். 1880-ல் உ. வே. சாமிநாதையர் அங்கே தமிழாசிரியராகச் சேர்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டு வந்தவர். தம் துறையில் அவருக்கு அப்போதே குறைவில்லை. அந்த ஆண்டில் அவ்வூருக்கு முனிசீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முனிசீப் கேட்க, ஐயர் அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கிக்கொண்டே போனார். முனிசீப்புக்கு அதில் வியப்பில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை! கோர்ட்டில் வழக்குக் கேட்கிற ஒருவர், தமிழையே தொழிலாகக் கொண்ட ஒருவரைக் கேட்ட அந்தக் கேள்வியிலிருந்துதான் 1887-ல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பு தொடங்கிற்று. அதோடு நிற்கவில்லை. அது சமண காப்பியம் ஆதலால் இலக்கணம் கற்ற அறிவு மட்டும் போதவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீடு தேடிப் போய், அவர்கள் சமயத்தைக் கேட்டறிந்து பொருள் கண்டார் ஐயர்.

முனிசீப்புக்குத் தமிழ் 'மேஜர்' அன்று. ஐயருக்குச் சமணம் 'மேஜர்' அன்று. நம் நூலகத்தில் இன்று சிந்தாமணி இருப்பதற்கு இவ்விரண்டும் காரணம்.

நான்காம் பகுதியின் நோக்கமும் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். பொதுக் கல்வி பட்ட மாணவர் அனைவருக்கும் தேவை என்று 1948-49-ல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு வற்புறுத்தியது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1945-லேயே இதற்கென ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. அந்த நோக்கம் நம்மிடம் வந்து சேர்வதற்குள் என்ன ஆயிற்று என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விருப்பப் பாடம் என்று பெயர். யாருடைய விருப்பம்? ஜூன் மாதத்தில் அறிவிப்புப் பலகையில் இரண்டு பட்டியல்கள் ஒட்டப்படும். வரிசை எண்ணில் முதற்பாதியினர் ஒரு துறைக்கு, மறுபாதியினர் இன்னொரு துறைக்கு. ஆசிரியர் பற்றாக்குறை, அறைப் பற்றாக்குறை, கால அட்டவணைச் சிக்கல் எல்லாம் உண்டு என்பதை அறிவேன். துறைத் தலைவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்தாள்களைப் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர்களே சுமக்கிறார்கள். அவர்கள் சுமக்கிற மற்றச் சுமைகளும் நமக்குத் தெரியும். ஆனால் விருப்பம் என்ற சொல்லை எழுதிவிட்டு விருப்பத்தைக் கேளாமல் இருப்பது மாணவனுக்கு முதல் நாளே ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது: இது ஒப்புக்கு நடக்கும் காரியம். பிறகு அவன் மெல்லிய கைடு ஒன்றை வாங்கித் தேர்வுக்கு முந்தின இரவு புரட்டி எழுதித் தேறிவிடுகிறான்.

எனக்கு வரலாறு வந்தது. நானும் கைடு வாங்கினேன். ஒரு வெள்ளிக்கிழமை மழை. பேருந்து நிறுத்தத்திற்குப் போக முடியவில்லை. வேறு வழியின்றி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு பேர் இருந்தோம். ஆசிரியர் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, "கணக்கு மாணவர் யார்? கையைத் தூக்குங்கள்" என்றார். தூக்கினோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஊர்களின் நிலம் எப்படிக் கணக்கிடப்பட்டிருக்கிறது என்று கரும்பலகையில் எழுதத் தொடங்கினார். வேலி, அதற்குக் கீழே மா, காணி, அரைக்காணி, முந்திரி. மா என்றால் 1/20, காணி 1/80, அரைக்காணி 1/160, முந்திரி 1/320. அதற்கும் கீழே போக வேண்டுமானால் 'கீழ்' என்று ஒரு சொல். அது வந்தால் மறுபடியும் 320-ஆல் வகுக்க வேண்டும். ஆக, கீழ் முந்திரி என்பது 1,02,400-ல் ஒரு பங்கு. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் கல்லில் பின்னத்தின் பின்னம்!

என் தாத்தா இன்றும் எங்கள் நிலத்தை ஏக்கரில் சொல்லமாட்டார். "மூணு மா" என்றுதான் சொல்வார். மா என்பது ஏதோ நிலத்துக்குப் பெயர் என்று இருபது வயது வரை எண்ணியிருந்தேன். அது ஒரு பின்னத்தின் பெயர்; வேலியில் இருபதில் ஒன்று என்பதால் மா. அன்றிரவு வீட்டில் கணக்குப் போட்டோம். நூறு குழி ஒரு மா. ஒரு குழி 144 சதுர அடி. ஆக ஒரு மா 14,400 சதுர அடி, சுமார் 33 சென்ட். மூன்று மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். பட்டாவில் இருப்பதும் தாத்தா சொல்வதும் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் ஒருவர் பார்த்தோம். மூன்று ஆண்டில் நான் படித்த பகுப்பாய்வும் இயற்கணிதமும் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் தாத்தாவோடு உட்கார்ந்து போட்ட கணக்கு, விருப்பமில்லாமல் போன ஒரு வரலாற்று வகுப்பில் கிடைத்தது.

சுற்றுச்சூழல் தாளின் கதை இன்னும் வேடிக்கையானது. இந்தத் தாள் நீதிமன்றம் நமக்குத் தந்தது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1991-ல் ஆணையிட்டது. பல்கலைக்கழகங்கள் அசையவில்லை. 2003 டிசம்பரில் மீண்டும் வற்புறுத்தியது. யு.ஜி.சி. வகுத்த பாடத்திட்டத்தில் மொத்தம் ஐம்பது வகுப்புகள். கடைசி அலகு களப்பணி. அருகிலுள்ள ஆறு, காடு, குன்று ஏதேனும் ஒன்றைப் போய்ப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும் என்று அதில் அச்சிட்டே இருந்தது. நம் கல்லூரி வாயிலிலிருந்து ஆற்றுப் பாலம் பத்து நிமிட நடை. நாங்கள் போகவில்லை. ஆற்றைப் பற்றிய பதினைந்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதினோம், ஆற்றைப் பார்க்கவில்லை.

ஒருநாள் வகுப்பில் வேடிக்கையாக ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். டி.எம்.சி. என்றால் எவ்வளவு? செய்தித்தாளில் நாள்தோறும் காணும் சொல். 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்த நாளில் நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் வேறு பேச்சே இல்லை. ஆயினும் வகுப்பில் மூவருக்குத்தான் தெரிந்தது. ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு பகலும் ஓர் இரவும் ஓடினால் ஒரு டி.எம்.சி. மேட்டூர் நிரம்பினால் 93.47. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை. தள்ளிப் போனால் சம்பா ஒன்றுதான். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் மதகு திறக்கவில்லை, 2020-ல் திறந்தது. நம்மில் பலர் பள்ளிக் கட்டணம் கட்டத் திண்டாடிய ஆண்டுகள் அவை. அந்த ஆண்டுகளுக்கு என்ன காரணம் என்று கேட்டால் ஓசோன் படலத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுத நமக்குத் தெரியும்.

"இதெல்லாம் வேலை வாங்கித் தருமா?" என்பது என் நண்பனின் அடுத்த கேள்வி. மாலையில் ஜவுளிக் கடையில் நின்று குடும்பத்தைத் தாங்குகிறவன் அவன். கேட்க அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் அவனே ஞாயிற்றுக்கிழமைகளில் குரூப் நான்கு பயிற்சிக்குப் பணம் கட்டிப் போகிறான். அங்கே பொதுத் தமிழ் நூறு கேள்வி, பொது அறிவு எழுபத்தைந்து, திறனறிவு இருபத்தைந்து. வெள்ளிக்கிழமை கல்லூரியில் இலவசமாகக் கிடைத்தபோது எதற்கு என்று கேட்ட அதே சோழர் வரலாற்றை, ஞாயிற்றுக்கிழமை காசு கொடுத்து நான்கு விடைகளில் ஒன்றாகப் படிக்கிறான். இதைச் சொன்னபோது அவனும் சிரித்துவிட்டான். வேலைக்குப் பயன்படும் என்பதற்காக நான் இத்தாளை ஆதரிக்கவில்லை. பயன்படாது என்ற வாதம் நிற்காது என்று காட்டவே சொன்னேன்.

அவன் கூற்றில் ஒரு பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். இப்போது நடப்பது போலவே நடக்குமானால் நான்காம் பகுதியை எடுத்துவிடுவதே நேர்மை. அந்த நேரத்தில் அவன் கடைக்காவது போகலாம். இருக்க வேண்டுமானால் சில மாற்றங்கள் வேண்டும். பாடத்திட்டத்தை மாற்றுவது பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே செய்துகொள்ளலாம். ஓர் அலகையாவது அந்தந்த ஊர்க் கல்லூரிக்கு விட்டுவிட்டால் என்ன? நெல்லையில் தாமிரபரணி, நீலகிரியில் தேயிலை, நமக்குக் காவிரி. மூன்று மணி நேரம் மனப்பாடத்தைக் கொட்டுவதற்குப் பதிலாக, மாணவன் போய்ப் பார்த்து எழுதிய ஒரு நோட்டுப் புத்தகமும் அதன்மேல் பத்து நிமிட வாய்மொழித் தேர்வும் போதும். பார்த்து எழுதியவனைப் பத்து நிமிடத்தில் ஆசிரியர் கண்டுகொள்வார். இராமானுஜனையும் அந்தத் தேர்வு வெளியே தள்ளியிருக்காது.

இவையெல்லாம் மேலிடத்துக் காரியங்கள், வரும்போது வரட்டும். நம் பேராசிரியப் பெருமக்களிடம் எனது வேண்டுகோள் சிறியது. வரும் ஜூனில் பட்டியல் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தாளை வகுப்பில் சுற்றி அனுப்பி, யாருக்கு எந்தத் துறை வேண்டும் என்று கேளுங்கள். எல்லாருக்கும் கேட்டது கிடைக்காது. அது எங்களுக்கும் தெரியும். அப்படியே அந்த வகுப்பை வெள்ளிக்கிழமை கடைசியிலிருந்து எடுத்துச் செவ்வாய் காலை இரண்டாம் மணிக்கு வையுங்கள். அப்போது பேருந்து எதுவும் இல்லை.