வாடகை வீட்டுக்கும் ஐந்து நட்சத்திரம் வேண்டும்

ஜொகூர் பாருவின் பழைய அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களுக்காகப் பேசும் சங்கம் எங்களுடையது. வீட்டுச் சாதனங்கள் பல பத்தாண்டுகளாகக் கண்ட முன்னேற்றம் இந்த வீடுகளுக்குள் சரிவர வந்து சேரவில்லை. மின்சேமிப்புக்கான அரசு உதவி இனி இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இதுவே எங்கள் நிலைப்பாடு.

முன்னேற்றத்தை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. தோட்ட லயங்களில் வளர்ந்த எங்கள் மூத்தவர்கள் பலருக்கு, ஜெனரேட்டர் ஓடும் மாலை நேரத்தில் மட்டுமே வெளிச்சம். அது நின்றால் மண்ணெண்ணெய் விளக்குதான். தாமானுக்குக் குடிவந்தபோது கூடத்தில் நான்கடி கலிமந்தாங் எரிந்தது. குழாய்க்கு 40 வாட், சோக்குக்கு ஏறத்தாழ இன்னொரு 10 வாட். இன்று 18 வாட் எல்இடி குழாய் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பழைய ஏர்கோனின் கம்ப்ரெசர் முழு வேகத்தில் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இன்வெர்ட்டர் ஏர்கோன் அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. 2013 முதல் ஏர்கோன், குளிர்சாதனப் பெட்டி, விசிறி, தொலைக்காட்சி, விளக்கு ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் திறன் விதி நடப்பில் உள்ளது. எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர லேபலைப் பார்த்து வாங்க மக்களும் பழகிவிட்டார்கள்.

ஆனால் வாடகை வீட்டில் சாதனத்தை வாங்குபவர் ஒருவர், கரண்டு பில் கட்டுபவர் வேறொருவர். வீட்டோடு வரும் குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பர் பல இடங்களில் வெடித்திருக்கிறது. இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால் தடையில்லாமல் கையோடு வருகிறது. கம்ப்ரெசருக்கு ஓய்வே இல்லை. விளக்கை அணையுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள் என்று அந்தக் குடும்பத்துக்கு அறிவுரை சொல்வது நியாயமாகாது. அவர்கள் ஏற்கெனவே அணைத்துவிட்டுத்தான் இருக்கிறார்கள்.

நான்கு, ஐந்து நட்சத்திரச் சாதனங்களுக்கு 200 ரிங்கிட் தள்ளுபடி தந்த சேவ் திட்டத்தை வரவேற்றோம். ஆனால் அது மின்கணக்கு வைத்திருப்பவருக்கானது. வாடகை வீடுகளில் கணக்கு பெரும்பாலும் உரிமையாளர் பெயரில் இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம், ஆண்டுக்கு 21,600 கிகாஜூலும் அதற்கு மேலும் பயன்படுத்தும் பெரும் பயனீட்டாளர்களைக் கணக்குக் காட்ட வைக்கிறது. செடெனாக்கிலும் நூசாஜெயாவிலும் தரவு மையங்கள் பெருகிவரும் ஜொகூருக்கு இது மிகவும் தேவை. வாடகை வீட்டுப் பழஞ்சாதனங்களைப் பற்றித்தான் கேட்பாரில்லை.

எனவே, முத்திரையிட்ட வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் குடியிருப்பவரின் வீட்டுக்கும் தள்ளுபடி கிடைக்க வேண்டும். பழைய பெட்டியைத் திரும்பப் பெறுவதும் அதனுடன் சேர வேண்டும்; இல்லையென்றால் அது இன்னொரு வாடகை வீட்டுக்குத்தான் போகும். வீட்டோடு தரும் ஒவ்வொரு சாதனத்தின் நட்சத்திர எண்ணிக்கையும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

வீட்டு உரிமையாளர்களில் ஓய்வூதியத்தில் வாழ்வோரும் உண்டு என்பதை அறிவோம். அதனால்தான் அபராதம் கேட்கவில்லை, தள்ளுபடி கேட்கிறோம். சாதனம் மாற்றியதைக் காரணம் காட்டி ஒப்பந்தக் காலத்தில் வாடகையை உயர்த்தக் கூடாது என்பது மட்டும் உறுதி செய்யப்பட வேண்டும். வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு முன்மொழிந்த குடியிருப்பு வாடகைச் சட்டத்தில் இதற்கென ஒரு பிரிவைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.