ஸகாத் ஆப் செய்யுமுன் கேட்க வேண்டியவை

2022 ஜூலையில் வந்த எரிபொருள் கியூஆரை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. ஸ்மார்ட் போன் இல்லாதவர்களும் அதைப் பேப்பரில் பிரின்ட் எடுத்து, லெமினேட் பண்ணிக் கொண்டுபோய் எண்ணெய் அடித்தார்கள். பாவிக்க இலகு என்பதற்கு நாங்கள் வகுப்பில் சொல்லும் உதாரணம் இதுதான். உயர்தர ஐ.சி.டி. பாடத்தில் இவற்றைத் 'தொழிற்பாடல்லாத தேவைகள்' என்று படிப்பிக்கிறோம். (பெயர்தான் கொஞ்சம் பயமுறுத்தும்.) மென்பொருள் என்ன செய்யும் என்பது ஒரு கேள்வி; எவ்வளவு பத்திரமாக, எவ்வளவு இலகுவாகச் செய்யும் என்பது வேறு கேள்வி.

இப்போது ஸகாத் பதிவுக்கு ஆப் செய்யும் பேச்சு ஊரில் அடிபடுகிறது. நல்ல விஷயம். ஆனால் கதை முழுக்கக் கலரும் லோகோவும்தான். உதவி பெறும் குடும்பங்களின் பட்டியல் வட்ஸ்அப்பில் கசிந்தால், அந்த மானத்தை யார் திருப்பிக் கொடுப்பது? யார் எதைப் பார்க்கலாம் என்பதை அத்திவாரத்திலேயே போட வேண்டும், பிறகு ஒட்ட முடியாது. பூட்டை இறுக்கினால் பாவிப்பது கொஞ்சம் கரைச்சலாகும். அந்தக் கரைச்சல் பரவாயில்லை என்பதே எங்கள் கருத்து.

எழுதிய தம்பி கத்தாருக்குப் போய்விட்டால் யார் திருத்துவது? பெக்கப் எங்கே? 2023 ஓகஸ்டில் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கி, அரச மின்னஞ்சல்களே சில மாதத்துக்குரியவை திரும்பி வரவில்லை. இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்குங்கள். விலையை அதற்குப் பிறகு பேசலாம்.