துடைக்குமுன் படியெடுக்க!

பழுதுற்ற ஓலைச்சுவடியைப் புத்தோலையில் படியெடுத்துக்கொண்டு, பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவது நம் முன்னோர் கொண்டிருந்த முறை. அம்முறையில் இரண்டு செயல்கள் உள. படியெடுத்தல் ஒன்று, நீரில் விடுதல் மற்றொன்று. பின்வந்தோர் முன்னதை மறந்து பின்னதை மட்டும் விடாது செய்தனர். உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊரூராய் அலைந்தபோது, ஆற்றில் விட்டோம் என்றும் தீயிலிட்டோம் என்றும் மக்கள் சொன்ன விடைகளைக் கேட்டு நெஞ்சு கலங்கியதை அவரே எழுதி வைத்துள்ளார். அன்று ஆறு செய்த வேலையை இன்று வன்தட்டுத் துடைப்புச் செய்துகொண்டிருக்கின்றது. வேறுபாடு ஒன்றே. ஆற்றுக்கு ஆண்டில் ஒருநாள். வன்தட்டுக்கு எந்நாளும் ஆடிப் பதினெட்டு!

இதனை மிகைக்கூற்று என்பார் 2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களை நினைத்துப் பார்க்க. விண்டோசு 10 என்னும் இயங்குதளத்துக்குக் காப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசாப்ட்டு நிறுவனம் அத்திங்கள் 14ஆம் நாளோடு பொதுவில் நிறுத்தியது. தனியே பதிந்துகொண்டோர்க்கு மட்டும் மேலும் ஓராண்டு நீட்டிப்புத் தந்தது. அடுத்து வந்த விண்டோசு 11 எல்லாப் பொறியிலும் ஏறாது. டி.பி.எம். 2.0 என்னும் காப்புச் சில்லும் அண்மைக்கால நடுச்செயலியும் அதற்கு வேண்டும். 2017க்கு முற்பட்ட பொறிகளுள் பெரும்பாலானவை அத்தேர்வில் தோற்பன. நன்றாய் ஓடிக்கொண்டிருக்கும் பொறியை ஓர் அயல்நாட்டு நிறுவனத்தின் நாட்குறிப்புக்காகக் குப்பையில் எறிவானேன் என்று கேட்டு, உபுண்டு, மிண்டு முதலிய லினக்சு இயங்குதளங்களை விலையின்றி ஏற்றிக்கொள்வோர் அறிவுடையோரே. அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் ஏற்றுவதற்கு முந்திய அரைமணி நேரத்தில் இருக்கின்றது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரை எண்ணிப் பார்க்க. தம் வட்டாரத்து உழவர் சொற்களையும் மீனவர் சொற்களையும் இருபதாண்டாய்த் தொகுத்துக் கணினியில் தட்டி வைத்திருக்கின்றார். பொறி தளர்கின்றது. மகன் அதனைப் பழுதுநீக்கும் கடைக்குக் கொண்டுசெல்கின்றான். கடைக்காரர் கேட்க வேண்டியதைக் கேட்கின்றார்: “வேண்டியதையெல்லாம் எடுத்தாயிற்றா?” மகன் சொல்கின்றான்: “படங்களை எடுத்துவிட்டோம்.” அவ்வளவுதான். வட்டு முழுவதையும் அழித்து நிறுவுக என்னும் கட்டளை தட்டப்பெறுகின்றது. திருமணப் படங்கள் பிழைத்தன, சொற்றொகுப்பு மாண்டது. படத்தை நினைக்கும் வீட்டில் எழுத்தை நினைக்க ஒருவரும் இல்லாமற் போனது யார் குற்றம்? கடைக்காரர் குற்றமன்று.

மகன் சற்று விழிப்பாயிருந்து எழுத்துக் கோப்புகளையும் எடுத்து வைத்தான் என்றே கொள்வோம். அப்போதும் சொற்றொகுப்புப் பிழைத்துவிடாது. படங்கள் எந்தக் கணினியிலும் படங்களே. தமிழ் அப்படியன்று. ஒருங்குறி 1991இலேயே தமிழுக்கு இடம் தந்திருந்தும், நம் இல்லங்களும் அச்சகங்களும் அலுவலகங்களும் அதற்கு வந்துசேரப் பல்லாண்டுகள் ஆயின. இடைக்காலத்தில் எழுத்துரு வடித்தோர் தத்தம் விருப்பம்போல் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழை அமர்த்தினர். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியேற்றங்கள் வந்தன. திசுக்கி ஒருபுறம் வழங்கிற்று. தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். ஒரு மொழிக்கு ஏன் இத்தனை முகமூடிகள் என்பது வேறு வழக்கு. ஈண்டு அதனை விரிக்க வேண்டா.

பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்க. ஈழத்தமிழர் பெரிதும் கையாண்ட எழுத்துரு அது. ‘தமிழ்’ என்று அதில் தட்டியிருந்தால், வட்டில் உண்மையில் கிடப்பது தமிழன்று. சே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே! அவற்றுக்குத் தமிழ் உடை உடுத்திவிடுவது எழுத்துரு. அவ்வெழுத்துரு பழைய இயங்குதளத்தின் எழுத்துரு அடைவில் இருந்தது, துடைப்பில் போயிற்று. புதிய பொறியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குப்பையே கண்ணிற் படும். ‘கோப்பு கெட்டுவிட்டது’ என்று கருதி அதையும் அழித்துவிடுவோர் உளர். கெட்டது கோப்பன்று, உடைதான் தொலைந்தது. அவ்வெழுத்துருவை மீண்டும் தேடிப் பொருத்தினால் தமிழ் எழுந்து நிற்கும் என்பதை அவர் அறியார்.

அச்சகங்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தமிழ் நூல்களுள் எத்தனையோ பேசுமேக்கர் என்னும் மென்பொருளில் பக்கம் அமைக்கப்பெற்றவை. அதன் இறுதிப் பதிப்பு 2001இல் வந்த ஏழாம் பதிப்பு. அதனை வெளியிட்ட அடோபி நிறுவனம் பின்னர்க் கொணர்ந்த இன்டிசைன், 2012இல் வந்த சி.எசு.6 பதிப்பு வரையே பேசுமேக்கர்க் கோப்புகளைத் திறந்தது. அதற்குப் பிந்திய பதிப்புகள் கைவிட்டன. ஆகவே மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய விண்டோசு எக்சு.பி. பொறியே அந்நூல்களுக்கெல்லாம் எஞ்சிய ஒரே திறவுகோலாய் இருத்தல் கூடும். இடத்தை அடைக்கின்றது என்று அதனைத் துடைத்து எடைக்குப் போடுவோர், தாம் போடுவது இரும்பு என்று எண்ணிக்கொள்கின்றனர்.

முறையாய்ச் செய்தவர் இல்லாமல் இல்லை. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர் கையால் மின்பதிப்பாக்கி எவர்க்கும் விலையின்றி வழங்கி வருகின்றது. தொடக்கத்தில் ஓர் எழுத்துரு, பின்னர்த் திசுக்கி, அதன்பின் ஒருங்குறி என அத்திட்டத்தார் பெயர்த்தெழுதிக்கொண்டே வந்தனர். சலித்து ஓரிடத்தில் நின்றிருந்தால் இன்று அந்நூல்களைப் படிப்பார் யார்?

இனி இதற்கு நேர்மாறான ஒரு பேதைமையும் நம்மிடையே உண்டு. நிலைக்க வேண்டிய எழுத்து அழிய, அழிய வேண்டிய மறைச்செய்தி அழியாமல் ஊர்சுற்றுகின்றது. கோப்பை நீக்குவதும் வட்டை விரைவாய் வடிவமைப்பதும், நூலகத்தில் நூற்பட்டியைக் கிழித்தெறிவது போன்றவை. பட்டி போயிற்று, நூல்கள் அடுக்கிலேயே இருக்கின்றன. புதிய இயங்குதளத்தை ஏற்றினாலும், அது அமர்ந்த இடம் மட்டுமே மறைபடும். எஞ்சிய பரப்பில் பழைய எழுத்து கிடக்கும். அமெரிக்க மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்பிங்கெல், அபி செலாட்டு என்னும் இருவர் பழஞ்சந்தையில் 158 வன்தட்டுகளை வாங்கி ஆய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டனர். இயங்கக்கூடியவை 129. அவற்றுள் முறையாய்த் துடைக்கப்பெற்றவை 12 மட்டுமே! ஏனையவற்றில் கடனட்டை எண்களே ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஓர் இயக்கத்தின் உறுப்பினர் முகவரிகளும் ஒரு மருத்துவரின் நோயாளர் குறிப்புகளும் இவ்வாறே எடைக்கடை வழியாய் வெளியேறக்கூடும்.

உண்மையாய்த் துடைப்பதற்குக் காந்தத் தட்டாயின் முழுப்பரப்பிலும் ஒருமுறை சுழிகளை எழுதினாற் போதும். முப்பத்தைந்து முறை எழுத வேண்டும் என்று இன்றும் சிலர் அச்சுறுத்துவர். 1996இல் அவ்வெண்ணைச் சொன்ன பீட்டர் குட்மன் என்பவரே, இக்கால வட்டுகளுக்கு அது வேண்டா என்று பின்னர் எழுதிவிட்டார். விண்டோசு எக்சு.பி.யின் முழு வடிவமைப்புச் சுழி எழுதாது. விசுட்டாவும் அதற்குப் பிந்தியனவும் எழுதும். திண்மநிலை வட்டு வேறு வகை. அது தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்ள எழுத்தை இடம் மாற்றி மாற்றி வைப்பதால், மேலெழுதுதலை நம்பலாகாது; வட்டிலேயே அமைந்துள்ள காப்பழிப்புக் கட்டளையைச் செயற்படுத்த வேண்டும்.

அழிந்துபோயிற்று என்று அழுவோர்க்கு இவ்விளக்கத்தில் ஓர் ஆறுதலும் உண்டு. தவறித் துடைத்தது காந்தத் தட்டாயின் உடனே பொறியை நிறுத்துக. மேற்கொண்டு ஒன்றும் எழுதாதிருந்தால், போட்டோரெக் போன்ற விலையில்லா மீட்பு மென்பொருள்கள் பட்டியில்லாமலேயே அடுக்கில் உள்ள நூலைக் கண்டெடுக்கும். திண்மநிலை வட்டில் அந்நம்பிக்கை மிகக் குறைவு. நீக்கிய இடத்தை அது தானே விரைந்து தூய்மை செய்துவிடும்.

ஆகவே பழைய பொறி மூச்சுவிடும்போதே அதன் முன் அமர்க. ஆவண அடைவோடு நில்லாது, முகப்புத் திரையிலும் அஞ்சற் பெட்டியிலும் பிற பிரிவுகளிலும் தேடுக. கோப்புகளோடு எழுத்துரு அடைவையும் முழுதாய்ப் படியெடுக்க. பழைய எழுத்துருவில் உள்ளனவற்றை அப்பொறியிலேயே திறந்து, பக்க வடிவம் மாறாத பி.டி.எப். கோப்பாக ஒன்றும் ஒருங்குறிக்கு மாற்றி ஒன்றும் ஆக்குக. மாற்றும் மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. ஆனால் மாற்றியதைப் படித்துப் பாராமல் விடற்க! பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறியும் ளகரமும் ஒன்றே என்பதால், ‘கௌவை’ என்பது ‘கெளவை’ எனத் திரிந்து நிற்கும். ‘கெளிறு’ என்னும் மீனின் பெயரும் தப்பாது. கருவிக்குத் தெரியாத வேறுபாடு தமிழறிந்த கண்ணுக்கு நொடியில் தெரியும். படிகள் இரண்டாகுக, ஒன்று விரலி எனப்படும் சிறு நினைவகத்திலோ புறவட்டிலோ இருக்க, மற்றொன்று வேறு ஊரில் உள்ள ஒருவரிடம் இருக்கட்டும். இரண்டையும் வேறொரு கணினியில் செருகி, பத்துக் கோப்புகளையேனும் திறந்து, கடைசி வரி வரை தமிழாய்த் தெரிகின்றதா என்று பார்க்க. தெரிந்தபின் துடைக்க.