நாயின் துணிச்சலை அளக்கும் சோதனை: கடிப்பதை விட விடுவதுதான் கடினம்

நம் நாட்டில் ஐஜிபி என்றால் போலீஸ் படைத் தலைவர் என்றுதான் அனைவருக்கும் தெரியும். நாய் விளையாட்டு உலகில் அந்த மூன்று எழுத்துக்கு வேறு பொருள். ஜெர்மனியில் பிறந்து, அனைத்துலக நாய் வளர்ப்போர் கூட்டமைப்பான எஃப்சிஐ-இன் விதிகளின்படி பல நாடுகளில் நடத்தப்படும் பணி நாய்த் தேர்வின் பெயர் அது. முன்பு ‘ஷுட்ஸ்ஹுண்ட்’ என்றும் பிறகு ஐபிஓ என்றும் அழைக்கப்பட்ட இத்தேர்வு, 2019 முதல் ஐஜிபி என்ற பெயரில் நடக்கிறது. இன்று ஐரோப்பாவில் கடும் வாக்குவாதத்திற்கு உள்ளாகியிருப்பது இதன் கடைசிப் பகுதிதான்.

2023 அக்டோபரில் ஆஸ்திரியாவின் மேல் ஆஸ்திரியா மாநிலத்தில் மெதுவோட்டம் சென்ற பெண் ஒருவர், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷையர் டெரியர் வகை நாய் கடித்து உயிரிழந்தார். நாடே அதிர்ந்தது. அதன் பின்னர் அந்நாட்டு அரசு, தனியார் வளர்க்கும் நாய்களுக்கு மனிதரைப் பாய்ந்து கடிக்கும் பயிற்சி தருவதைத் தடை செய்ய முற்பட்டது. போலீஸ், இராணுவ நாய்களுக்கு விலக்கு உண்டு. நாய் விளையாட்டுச் சங்கங்கள் கொதித்தெழுந்தன. ஒரு நாய் செய்த கொடுமைக்காக, கட்டுப்பாட்டோடு பயிற்சி பெறும் மற்ற நாய்களையெல்லாம் தண்டிப்பதா என்பது அவர்களின் கேள்வி. மனிதரைக் கடிப்பதை விளையாட்டாக நாய்க்குக் கற்றுத் தருவது எதற்கு என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. இரண்டுமே அலட்சியப்படுத்தக் கூடியவை அல்ல.

இதைப் புரிந்துகொள்ள அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தேர்வுக்கு மூன்று பகுதிகள்: மோப்பம் பிடித்துத் தடம் தொடர்தல், கீழ்ப்படிதல், பாதுகாப்பு. ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளிகள். பாதுகாப்புப் பகுதியின் உச்சக்கட்டமே தொலைதூரப் பாய்ச்சல். பழைய ஜெர்மன் வழக்கில் இதற்குத் துணிச்சல் சோதனை என்றே பெயர்.

திடலின் ஒரு முனையில் உரிமையாளரும் நாயும் நிற்கிறார்கள். தூரத்து மறைவிலிருந்து ‘ஹெல்பர்’ எனப்படும் உதவியாளர் வெளிப்படுகிறார். கையில் தடித்த கைக்கவசம், மறு கையில் உறை போட்ட மென்மையான தடி. “நில்!” என்று உரிமையாளர் கத்துகிறார். அவர் நிற்பதில்லை. திரும்பி, தடியை ஓங்கி, கூச்சலிட்டுக்கொண்டே நேராக நாயை நோக்கி ஓடி வருகிறார். உயர்நிலைத் தேர்வில் இடைவெளி 40 முதல் 50 மீட்டராகக் குறையும்போது நாய் அவிழ்த்து விடப்படுகிறது. நான்கைந்து விநாடிக்குள் இரண்டும் மோதுகின்றன.

அந்த நான்கைந்து விநாடிகளில் நாயின் குணம் முழுவதும் வெளிப்பட்டுவிடும் என்பதே இதை வகுத்தவர்களின் எண்ணம். உரிமையாளர் பின்னால் நின்றுவிட்டார்; கயிறு இல்லை. எதிரே ஒரு மனிதன் தன்னைவிடப் பெரிய உருவத்தோடு அச்சுறுத்திக்கொண்டு வருகிறான். மன உறுதி குறைந்த நாய் கடைசிச் சில மீட்டரில் வேகத்தைக் குறைக்கும், பக்கவாட்டில் வளையும், அல்லது கைக்கவசத்தை நுனிப்பல்லால் மட்டும் கவ்வும். உறுதியான நாய் வேகம் குறையாமல் வந்து, வாய் நிறையக் கவ்வி, அமைதியாகப் பிடித்திருக்கும். நடுவர் இதைத் ‘தெளிவாக உள்ளது’, ‘உள்ளது’, ‘போதாது’ என மூன்று தரங்களில் குறிப்பார்.

பார்வையாளர்கள் கைதட்டுவது இந்த மோதலுக்குத்தான். ஆனால், தேர்வு அதோடு முடிவதில்லை. ஹெல்பர் அசைவை நிறுத்தியதும், உரிமையாளரின் ஒரே சொல்லுக்கு நாய் பிடியை விட வேண்டும். விட்ட பிறகு மீண்டும் கடிக்காமல், கண் எடுக்காமல் காவல் இருக்க வேண்டும். மூன்று முறை கட்டளையிட்டும் விடாத நாய், எவ்வளவு அழகாகப் பாய்ந்திருந்தாலும் தகுதி இழக்கிறது. சமூக ஊடகக் காணொளிகளில் பெரும்பாலும் வெட்டி எறியப்படுவது இந்தப் பகுதிதான்!

ஜெர்மன் ஷெப்பர்ட் சங்கம் 1899-இல் ஜெர்மனியில் தோன்றியது. அதை நிறுவிய மக்ஸ் ஃபொன் ஷ்டெஃபானிட்ஸ் அழகை விட வேலைத்திறனுக்கே முதலிடம் தந்தவர். ஆட்டு மந்தை மேய்ப்பு குறைந்துவந்த காலத்தில், அந்த நாய்க்குப் போலீஸிலும் இராணுவத்திலும் புது வேலை தேடப்பட்டது. எந்த நாயை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்வது என்று தெரிந்துகொள்ளவே இந்தத் தேர்வு நெடுங்காலம் பயன்பட்டது. அதாவது, தொடக்கத்தில் இது விளையாட்டே அல்ல. விதை நெல் பொறுக்குவது போன்ற வேலை. இன்று வார இறுதியில் சங்கத் திடலில் கோப்பைக்காக நடக்கும்போது அந்த நியாயம் பாதி தேய்ந்துவிட்டது என்பதை ஆதரவாளர்களும் மறுக்க முடியாது.

ஒரு சின்னக் கணக்கு. 35 கிலோ எடையுள்ள நாய் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்து மோதினால், அந்த விசை 35 கிலோ அரிசி மூட்டை ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அந்த வேகத்தை வாங்கிக்கொள்வது ஹெல்பரின் உடல். மோதும் கணத்தில் கையைச் சற்றே தளர்த்தி, உடலைச் சுழற்றி, நாயை வளைவாகச் சுற்றி இறக்க வேண்டும். விறைப்பாக நின்றாலோ, கைக்கவசத்தை மார்போடு அணைத்துப் பிடித்தாலோ நாயின் கழுத்தும் முதுகெலும்பும் பல்லும் அடி வாங்கும். ஒரு தவறான மோதலில் நாயின் விளையாட்டு வாழ்க்கையே முடிந்துவிடலாம். அதனால்தான் அனுபவமுள்ள பயிற்றுநர்கள் முழுத் தூரப் பாய்ச்சலை அடிக்கடி செய்வதில்லை.

பயிற்சி பின்னிலிருந்து முன்னாகக் கட்டப்படுகிறது. குட்டிக்கு முதலில் சாக்குத் துணி, பிறகு மென்மையான பிடிமெத்தை, பிறகு இளம் நாய்க்கான கைக்கவசம். பல் விழுந்து முளைக்கும் மாதங்களில் பிடிப்பயிற்சிக்கு ஓய்வு. முதலில் ஹெல்பர் பயந்தவர் போல நாயைக் கண்டு ஓடுவார். துரத்திப் பிடித்த நாய்க்குத் தான் வென்றதாக எண்ணம் வரும். பிறகு ஓடிக்கொண்டே திரும்புவார். அதன் பிறகே நேருக்கு நேர், அதுவும் குறைந்த தூரத்தில். தூரமும் அச்சுறுத்தலும் ஒரே நாளில் கூட்டப்படுவதில்லை. முதல்நிலைத் தேர்வுக்கே நாய்க்கு 18 மாத வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன்பு, தெருவிலும் கூட்டத்திலும் ஒழுங்காக நடந்துகொள்ளும் என்று காட்டும் தனித் தேர்வில் தேறியிருக்க வேண்டும்.

சிக்கல், விடச் சொல்லும் இடத்தில் வருகிறது. இரத்தம் கொதித்துக்கொண்டிருக்கும் நாயைப் பிடியை விட வைக்கப் பல பயிற்றுநர்கள் முள் கழுத்துப்பட்டையையும் மின்னதிர்ச்சிப் பட்டையையும் நம்பியிருந்தனர். வலி தரக்கூடிய மின்கருவிகளை நாய்ப் பயிற்சியில் பயன்படுத்துவது சட்டவிரோதம் என ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. 2022 ஜனவரி 1 முதல் முள் பட்டைக்கும் தடை வந்தது. விளைவு, பெர்லின் போலீஸே தன் பாதுகாப்பு நாய்களைச் சிறிது காலம் பணியில் இறக்க முடியாமல் திணறியது. வலியின்றி அந்நாய்களைக் கட்டுப்படுத்த வழி தெரியவில்லை என்பதுதானே அதன் பொருள்? விளையாட்டைத் தடை செய்யச் சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல வாதம் கிடைக்காது. அதே நேரத்தில், குட்டியிலிருந்தே பொம்மையை விட்டால் மீண்டும் விளையாட்டு கிடைக்கும் என்று பழக்கி, வலியில்லாமல் இந்தத் தேர்வில் தேறும் நாய்களும் உண்டு. அதற்கு அதிக நேரமும் கூடுதல் திறமையும் வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முறையாகப் பயிற்சி பெற்ற நாய் கோபத்தில் கடிப்பதில்லை. கைக்கவசம் அதற்கு ஒரு பரிசுப் பொருள். நம் தாமான் வீடுகளிலும் தோட்டப்புறங்களிலும் இதற்கு நேர்மாறான நம்பிக்கை இன்னும் இருக்கிறது. நாயை நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டால் மூர்க்கமாகும், திருடன் பயப்படுவான் என்கிறார்கள். அப்படி வளரும் நாய் பயத்தில் கடிக்கும். பயத்தில் கடிப்பதற்குத் திருடன், தபால்காரர், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ற வேறுபாடு தெரியாது.

வீடு புகுந்து திருடுவது பெருகினால் காவலுக்கு நல்ல நாய் தேடுவது இயல்பு. ஆனால், காணொளியைப் பார்த்துவிட்டுக் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு வீட்டு முற்றத்தில் ராட்வைலருக்குக் கடிக்கக் கற்றுக் கொடுப்பது வேறு சங்கதி. நாய் பாதி பாடத்தை மட்டும் கற்றுக்கொள்ளும். மனிதக் கையைக் கடிக்கலாம் என்பது அந்தப் பாதி. பிட்புல், அக்கித்தா போன்ற இனங்களை மலேசியாவுக்குள் கொண்டுவரக் கால்நடைச் சேவைத் துறை தடை விதித்துள்ளது. ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. வளர்ப்புப் பிராணியால் பிறருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறும் உரிமையாளருக்குத் தண்டனைச் சட்டத்தின் 289ஆவது பிரிவு சிறைத் தண்டனையும் வழங்கலாம். நாயை வதைத்துப் பயிற்சி தந்தால் 2015ஆம் ஆண்டின் பிராணிகள் நலச் சட்டம் குறுக்கே வரும்.

காவல் நாய்ப் பயிற்சி தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் எவரிடமும், கட்டணம் செலுத்துவதற்கு முன், அவர் ஏற்கெனவே பழக்கிய நாய் ஒன்றைக் காட்டச் சொல்லலாம். அது பாய்வதைப் பார்த்தது போதும். கவ்விய பிறகு, பட்டையில் கை வைக்காமல், ஒரே சொல்லில் அது விடுகிறதா என்று பாருங்கள்.